வாசலில் நிற்பவரின் கடிகாரம்

(தொழிற்கூட மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'நேர மேலாண்மை' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரில் நடக்கும் வகுப்புகளுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழச் சொல்வார்கள். நான்கு கட்டம் போட்டு அவசரம், முக்கியம் என்று பிரிக்கச் சொல்வார்கள். போகும்போது தோல் அட்டை போட்ட டைரி ஒன்று கையில் கொடுப்பார்கள். அப்படி வந்த டைரி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. பால் கணக்கு எழுதுகிறோம்.

அந்த வகுப்புகளில் சொல்வது தனி ஆளுக்கான யோசனை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பொருந்தும். வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதுகிறவருக்குப் பொருந்தும். ஐம்பது பேரை, ஐந்நூறு பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்குக் கணக்கே வேறு. அவர் இருபது நிமிடம் தாமதித்தால், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொருவருடைய இருபது நிமிடமும் சேர்ந்தே போகிறது. ஆகவே இன்று உங்கள் கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் அறை வாசலில் நிற்கிறவருடைய கடிகாரத்தைப் பார்ப்போம். ஒரு மேலாளர் நேரத்தை ஒழுங்காகக் கையாளுகிறாரா என்று தெரிந்துகொள்ள நான் கேட்பது ஒரே கேள்விதான்: அவருக்காக மற்றவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்?

ஒரு ஊசியிலிருந்து தொடங்குகிறேன். திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கிற இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஓவர்லாக் மெஷினில் ஊசி முறிந்தால் டெய்லர் தானாகப் புது ஊசி மாட்டிக்கொள்ள முடியாது. முறிந்த துண்டு ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக, வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்கள் வைத்திருக்கிற விதி அது. மெஷினை நிறுத்த வேண்டும். துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, சேர்த்து வைத்து, முழு ஊசியும் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, மெஷின் எண்ணும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் இருக்கிற பீஸ் எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். நல்ல விதி. துண்டு கிடைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் பார்த்த ஒரு யூனிட்டில் ஊசிப் பெட்டியின் சாவி புரொடக்‌ஷன் மேனேஜரின் சட்டைப் பையில் இருந்தது. எப்போதோ ஒரு முறை ஊசிக் கணக்கு இடித்ததாம். அன்றிலிருந்து சாவி அவரிடம். அவர் மாடியில் மீட்டிங்கில் இருக்கிறார். கீழே ஒரு பெண், முறிந்த ஊசியை ஒரு பிளாஸ்டிக் மூடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டருகே நிற்கிறார். கதவைத் தட்டத் தைரியம் இல்லை. அவருக்கு முந்தைய மெஷினில் துணி குவிகிறது. பிந்தையவர்களுக்கு வேலை வரவில்லை. பிளாட்லாக் அடிக்கிறவர், கைமடி, செக்கிங் என்று ஒவ்வொருவராகக் கை ஓய்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற நிமிடம் கூலியில் விழுகிற துண்டு. அரை மணி கழித்து மேனேஜர் இறங்கி வந்தார். வந்ததும் கேட்டது, "ஏன் லைன் நிக்குது?"

அவர் சோம்பேறி இல்லை. எட்டு மணிக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போகிற மனிதர். மத்தியானச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிடுகிறவர். நேர மேலாண்மை வகுப்பில் அவருக்கு முதல் பரிசு கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த ஆலையில் வேலை நிற்பதற்கான காரணங்களில் பாதி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு சாவியை லைன் இன்சார்ஜிடம் கொடுத்தார்கள். விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பதிவேட்டை மேனேஜர் சாயங்காலம் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து, நாம் எல்லோரும் காண்கிற ஒரு கனவைப் பற்றி. 'இரண்டு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும், எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.' இதைச் சொல்லாத மேலாளர் கிடையாது. கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளோடு ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, அவர்கள் செய்வதை எல்லாம் குறித்துக்கொண்டார். 1973இல் அது நூலாக வந்தது. அந்தப் பெரிய மனிதர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டியது பத்தில் ஒன்றுதான். அதற்கும் முன்னால், 1950களில், அமெரிக்காவில் 56 ஃபோர்மேன்களைக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. எட்டு மணி நேர ஷிஃப்டில் ஓர் ஆள் சராசரியாக 583 காரியங்கள் செய்திருக்கிறார். ஏறக்குறைய ஐம்பது நொடிக்கு ஒன்று. இங்கே உட்கார்ந்திருக்கிற சூப்பர்வைசர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

குறுக்கீடு இந்த வேலைக்கு வந்த நோய் என்று நாம் நினைக்கிறோம். வேலையே அதுதான். அதை ஒழிக்கத் திட்டம் போடுவது வீண். வருகிறவர் எவ்வளவு சீக்கிரம் பதிலோடு திரும்புகிறார் என்பதற்குத்தான் திட்டம் வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் எர்லாங் என்று ஒருவர் இருந்தார். தொலைபேசி இணைப்புக்காக எவ்வளவு பேர், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதை ஆராய்ந்தார். 1909 தொடங்கி அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வரிசைகளுக்கென்றே ஒரு கணிதம் வளர்ந்தது. அந்தக் கணிதத்தை உங்கள் அறை வாசலுக்குக் கொண்டுவருவோம். ஒரு விஷயத்தைச் சொல்லி உங்களிடம் முடிவு வாங்கச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். ஆட்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சிலர் ஒரு நிமிடத்தில் முடிப்பார்கள், சிலர் கால் மணி இழுப்பார்கள். உங்கள் நேரத்தில் பாதி இப்படிப் போகிறது என்றால், வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதம் நிரம்பினால் 20 நிமிடம். 90 சதவீதம் என்றால் 45 நிமிடம். 95 சதவீதம் என்றால் 95 நிமிடம்.

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 90இலிருந்து 95க்குப் போனபோது எட்டு மணி நேர நாளில் உங்களுக்குக் கூடிய வேலை 24 நிமிடம். வாசலில் நிற்கிறவருக்குக் கூடியது 50 நிமிடம். 'எனக்கு மூச்சுவிட நேரமில்லை' என்று பெருமையாகச் சொல்கிற மேலாளர் தன் கீழே இருக்கிறவர்களின் நாளைத் தின்றுகொண்டிருக்கிறார் என்பது இந்தக் கணக்கின் பொருள். நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு எந்த வேலையையும் போட்டு வைக்காதீர்கள். முதலாளி பார்த்தால் சும்மா இருப்பதாகத் தோன்றும். தோன்றட்டும். தீயணைப்பு நிலையத்தில் வண்டி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து யாரும் குறை சொல்வதில்லை.

இன்னொரு சூத்திரம், இதைவிட எளிது. ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது. மேசையில் முடிவுக்காகக் கிடப்பவை எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனையை முடித்து அனுப்புகிறீர்கள்? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஒரு காகிதம் உங்களிடம் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்று தெரிந்துவிடும். 40 கிடக்கிறது, தினம் 8 போகிறது என்றால் ஐந்து நாள். சாயத்துக்கான ஷேடு அட்டை, பர்ச்சேஸ் ஆர்டர், விடுப்பு விண்ணப்பம், ஜாப் ஒர்க் பில் எதுவானாலும் சராசரி ஐந்து நாள். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பாருங்கள். மெயிலில் கிடப்பதையும் வாட்ஸ்அப்பில் 'பாக்கறேன்' என்று போட்டுவிட்டு மறந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும்; அங்கேதான் அதிகம் கிடக்கும். எண்ணியதும் பலர் எடுக்கிற முடிவு, நாளையிலிருந்து 12 முடிப்பேன் என்பது. ஒரு வாரம் நடக்கும். அப்புறம் பழையபடி எட்டுக்கு வந்துவிடும். மேசைக்கு வந்து சேர்கிறதைக் குறைப்பதுதான் நிலைக்கும்.

எதைக் குறைப்பது? இதற்கு நான் பார்த்த பாடங்களில் மேலானது மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அவர் முன்னால் இருந்த சிக்கல் நமக்கெல்லாம் தெரிந்த சிக்கல்தான். கண்புரையால் பார்வை போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அறுவை செய்யத் தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரை இன்னும் வேகமாகக் கத்தியை ஓட்டச் சொல்ல முடியுமா?

அவர் கேட்டது வேறு கேள்வி. அறுவை நிபுணர் ஒருவரின் நாளில், நிபுணரால் மட்டுமே செய்யக்கூடியது எவ்வளவு? பார்த்தால், மிகக் கொஞ்சம். பெயர் எழுதுவது, பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, கண்ணைச் சுத்தம் செய்வது, முடிந்த பிறகு கட்டுவது, நோயாளியிடம் விளக்கிச் சொல்வது எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்யக்கூடியவை. கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். அரவிந்தின் முதுகெலும்பு அவர்கள்தான் என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொல்வார்கள்.

அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார்; துணி போர்த்தி, கண் மட்டும் தெரியும்படி வைத்து, கருவிகளை வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் முடிந்ததும் மருத்துவர் அந்தப் பக்கம் திரும்புவார். நுண்ணோக்கியும் அவரோடு திரும்பும். முடிந்தவருக்குக் கட்டுப் போட்டு அனுப்பி, மூன்றாமவரைப் படுக்க வைப்பதற்குள் இரண்டாவது முடிந்திருக்கும். இப்படி ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்கிறார். நாட்டின் சராசரி இதில் ஒரு சிறு பங்குதான். எல்லோரும் ஒரே வேலையை ஒரே முறையில் செய்கிற ஒழுங்கை அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பார்த்து வியந்ததாக டாக்டர் வெங்கடசாமி வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அரவிந்தின் முறையை ஹார்வர்டில் 1993இல் பாடமாக்கினார்கள். பர்கர் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு ஒதுக்கியிருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரவிந்தில் மருத்துவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்ணுக்குள் கை போகிற நிமிடங்களில் அவருக்கு வேண்டிய நேரம் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொல்லிக்கொடுத்து, வேறு கைகளில் கொடுத்தார்கள். நம் ஆலைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். நல்ல டெக்னீஷியன் ஒருவரை மேனேஜர் ஆக்குவோம். கேன்டீன் ஒப்பந்தக்காரர் சண்டை முதல் வாட்டர் டேங்க் மூடி வரைக்கும் அவர் தலையில் ஏற்றுவோம். தொழில் நுணுக்கம் தெரிந்த அந்த மூளை கேஸ் சிலிண்டருக்கு ஃபோன் செய்துகொண்டிருக்கும்.

ஒரு தாளில் எழுதுங்கள்: நான் மட்டுமே செய்ய முடிந்தது எது? வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வது, ஆளை எடுப்பது, ஆளை அனுப்புவது, ஒரு தொகைக்கு மேல் செலவு செய்வது. இதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் தேறாது. மற்ற ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஓர் எல்லையும் எழுதுங்கள். மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் 5,000 ரூபாய் வரை கேட்காமல் பேரிங் வாங்கலாம். பில்லை மட்டும் வெள்ளிக்கிழமை காட்டினால் போதும். தொகை உங்கள் ஆலைக்கு ஏற்றபடி மாறலாம். எல்லை தாளில் இருக்க வேண்டும். 'உன் புத்திக்கு எட்டினதைச் செய்' என்று வாயால் கொடுக்கிற அதிகாரம் முதல் தப்பு நடக்கிற வரைக்கும்தான்.

அந்த முதல் தப்பு. அதைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் பேசிப் பயனில்லை. "கீழே இருக்கறவங்க முடிவே எடுக்கறதில்லைங்க, எல்லாத்துக்கும் என்கிட்டயே வர்றாங்க" என்பார்கள். 1974இல் ஆங்கெனும் வாஸும் ஹார்வர்டு இதழில் எழுதிய கட்டுரை ஒன்று பிரபலம். ஒவ்வொரு பிரச்சினையும் ஒரு குரங்கு. உதவியாளர் தோளில் உட்கார்ந்து வந்த குரங்கு, 'சரி, நான் யோசிச்சுச் சொல்றேன்' என்று நீங்கள் சொன்ன நொடியில் உங்கள் தோளுக்குத் தாவிவிடுகிறது என்பது அதன் சாரம். சரியான கண்டுபிடிப்பு. ஆனால் நம் ஊரில் அந்தக் குரங்கு ஏன் தாவுகிறது என்பதை அந்தக் கட்டுரை சொல்லாது. இங்கே கேட்காமல் செய்வது மரியாதைக் குறைவு. 'எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்' என்பது பணிவு போலத் தெரியும். அதற்குள்ளே பயம் உட்கார்ந்திருக்கும். பேரிங் வாங்கியவர் தவறான அளவில் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். பத்துப் பேர் முன்னால் 'உன்னை யார் முடிவெடுக்கச் சொன்னது?' என்று ஒரு தடவை கத்தினால் போதும். அடுத்த நாள் உங்கள் வாசலில் வரிசை இரட்டிப்பாகும். அந்தக் கத்தலுக்கு ஆன நேரம் அரை நிமிடம். அதற்கு நீங்கள் கட்டுகிற வட்டி ஆறு மாதத்துக்கு ஓடும்.

எஸ்.எல்.வி-3 கதை உங்களுக்குத் தெரியும். தலைமைப் பண்பு பற்றிய கூட்டங்களில் அதைச் சொல்லாமல் விடுவதே இல்லை. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பு அப்துல் கலாம். கணினி நிறுத்தச் சொல்லியும் ஏவலாம் என்று முடிவெடுத்தவர் அவர். பத்திரிகையாளர்கள் முன்னால் போய்த் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18ஆம் தேதி வெற்றி கிடைத்தபோது, 'நீங்கள் பேசுங்கள்' என்று கலாமை அனுப்பினார். இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள். நான் இதை நேரக் கணக்காகவும் பார்க்கிறேன். அன்றைக்குத் தவன் கலாமைக் கைகாட்டியிருந்தால், அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் யார் துணிந்து ஒரு முடிவெடுத்திருப்பார்கள்? ஒவ்வொரு கோப்பும் கையெழுத்துக்காகத் தவனின் மேசைக்குத்தான் வந்திருக்கும். தோல்விக்கும் வெற்றிக்கும் இடையில் ஓடியது ஒரு வருடத்துக்கும் குறைவு. அது தானாக நடந்துவிடவில்லை.

மீட்டிங் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீங்களே அனுபவிக்கிறவர்கள். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1950களில் எழுதிய கேலிக் கட்டுரைகளில் ஒரு குழு வரும். அணு உலை கட்டுவதை இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் பேசும். அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. நம் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு எந்தக் கடையில் ஸ்வீட் சொல்வது என்பது அந்தக் கொட்டகை. மீட்டிங் தொடங்கும்போதே, இன்று என்ன முடிவாக வேண்டும் என்று ஒரே வரியில் பலகையில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் டீ சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுங்கள்.

இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1983இல் எழுதிய நூலில் ஒரு பழக்கத்தை வற்புறுத்துகிறார். தன் கீழே நேரடியாக வேலை செய்கிற ஒவ்வொருவரோடும் குறித்த நேரத்தில் தனியாக உட்கார்வது. என்ன பேசுவது என்பதைக் கீழே இருப்பவரே முடிவு செய்வது. நான் இதை நடக்கும்படி செய்த இடங்களில் கண்ட மாற்றம் ஒன்று. புதன்கிழமை பதினோரு மணிக்கு அரை மணி நேரம் தனக்கென்று இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால், ஆள் திங்களும் செவ்வாயும் பத்துத் தடவை வாசலுக்கு வருவதில்லை. ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வைத்திருப்பார். புதன்கிழமைக்குள் அதில் பாதியை அவரே தீர்த்தும் இருப்பார். நிபந்தனை, அந்த அரை மணியை நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் பழையபடி கதவு தட்டப்படும்.

வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்காதீர்கள். 'லாட் நம்பர் என்னாச்சு?' என்று முப்பது பேர் இருக்கிற குழுவில் போட்டால், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள், பதினைந்து பேர் 'நோட்டட் சார்' போடுவார்கள். யார் சொல்ல வேண்டுமோ அவருக்கு, எத்தனை மணிக்குள் என்று சேர்த்து அனுப்புங்கள். இரவு பதினொரு மணிக்கு ஞாபகம் வந்தால் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். அந்தப் பக்கம் ஒருவர் விழித்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. கூட்டம் தொடங்குவதற்கு முன் வெளியே நின்றபோது இரண்டு மூன்று பேர் என்னிடம் சொன்னது: 'இதெல்லாம் சரிங்க, எங்க முதலாளி பத்து நிமிஷத்துக்கு ஒரு ஃபோன் போட்டா நாங்க எங்க போறது?' நியாயம்தான். சொந்த உழைப்பில் ஆலையைக் கட்டியவர், கவலைப்பட்டு ஃபோன் செய்கிறார். அவரிடம் அதிகாரப் பகிர்வு பற்றி வகுப்பு எடுக்காதீர்கள். ஒரு வாரம் அவர் கேட்கிற கேள்விகளைத் தேதியோடு எழுதிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் நாலைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வரும்: இன்று எத்தனை பீஸ், எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது, எத்தனை பேர் வரவில்லை, பணம் எது வர வேண்டும். அதற்கான பதில்களைத் தினம் காலை பத்தரைக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் அவர் கேட்பதற்கு முன்னால் அவருடைய ஃபோனுக்கு அனுப்பிவிடுங்கள். கெட்ட செய்தி இருந்தால் முதல் வரியிலேயே வையுங்கள். கடைசி வரியில் ஒளித்துவைத்தது ஒரு தடவை பிடிபட்டால், அப்புறம் அந்தத் தாளை அவர் நம்ப மாட்டார், ஃபோனும் நிற்காது. பத்து நாள் தவறாமல் போனால் அழைப்பு பாதியாகக் குறையும். மீதிப் பாதி குறையாது, அது அவருடைய ஆலை.